அட்மிட் வரும் வரை இரவில் தூங்குவது எப்படி?

கேள்வி இதுதான்: "எலெக்ட்ரிகல் இன்ஜினீயரிங்கில் பிஎச்.டி. செய்ய டிசம்பரில் ஒன்பது அமெரிக்கப் பல்கலைக்கழகங்களுக்கு விண்ணப்பித்தேன். பிப்ரவரி பாதி தாண்டிவிட்டது. இரண்டு ரிஜெக்ட், ஒரு இன்டர்வியூ. மற்ற ஆறிலிருந்தும் சத்தமே இல்லை. இரவு இரண்டு மணிக்கு எழுந்து மெயில் பார்க்கிறேன். பகலில் வேலை ஓடவில்லை. வீட்டிலும் கேட்டுக்கொண்டே இருக்கிறார்கள். எப்படிச் சமாளிப்பது?"

அந்த இரண்டு மணியிலிருந்தே ஆரம்பிக்கிறேன். இதே கவலையோடு அமெரிக்காவிலேயே உட்கார்ந்திருக்கும் மாணவருக்கு மெயில் வருவது பகலில். ராத்திரி படுக்கும்போது, இனி காலை வரை எந்த ஆபீசும் திறக்காது என்று அவருக்குத் தெரியும். நமக்கு அப்படியே தலைகீழ். நாம் பாயை விரிக்கும் நேரத்தில்தான் அங்கே ஆபீஸ் திறக்கிறது. அதனால் நம் தூக்கமே காவல் வேலையாகிவிடுகிறது. நானும் அப்படிக் காவல் காத்தவன்தான். ஹாஸ்டலில் தலையணைக்கு அடியில் போனை வைத்துக்கொண்டு படுப்பேன். ஒருநாள் ராத்திரி 1.40-க்கு அது அதிர்ந்தது. இருட்டில் கை நடுங்க எடுத்துப் பார்த்தால், கணக்கில் மினிமம் பேலன்ஸ் இல்லை என்று பேங்க் எஸ்எம்எஸ். இருந்த பணத்தையெல்லாம் விண்ணப்பக் கட்டணத்துக்கு வழித்துக் கொடுத்தால் பின்னே என்ன இருக்கும்?

சரி, கணக்குப் போட்டுப் பார்ப்போம். மார்ச் இரண்டாவது ஞாயிறு வரை அமெரிக்கக் கிழக்குக் கரை நமக்குப் பத்தரை மணி நேரம் பின்னால் இருக்கும், மேற்குக் கரை பதிமூன்றரை மணி நேரம். அந்த ஞாயிறன்று அவர்கள் கடிகாரத்தை ஒரு மணி நேரம் முன்னே தள்ளுவதால் அதற்குப் பிறகு ஒன்பதரை, பன்னிரண்டரை. பாஸ்டனில் காலை 9 முதல் மாலை 5 என்றால் இப்போது நமக்கு இரவு 7.30 முதல் விடிகாலை 3.30. கலிஃபோர்னியாவில் மாலை 5 அடிக்கும்போது இங்கே காலை 6.30. ஆக, காலை 7 மணிக்கு ஒரே ஒரு முறை மெயிலைத் திறந்தால் இரு கரைகளின் முழு வேலை நாளையும் பார்த்துவிடலாம். அதற்குப் பிறகு இரவு வரை புதிதாக ஒன்றும் வரப்போவதில்லை. இன்னொன்று: நம் ஞாயிறு காலையும் திங்கள் காலையும் அங்கே சனி, ஞாயிறு. அந்த இரண்டு நாளும் பார்க்கவே வேண்டாம். பிப்ரவரி மூன்றாவது திங்கள் அங்கே பிரசிடென்ட்ஸ் டே, பல ஆபீஸ்கள் திறக்காது, அதனால் அந்தச் செவ்வாயும் விடுமுறை. வாரத்துக்கு மொத்தம் ஐந்து தடவை, செவ்வாய் முதல் சனி வரை காலை ஏழு மணி. அவ்வளவுதான் உங்கள் டியூட்டி.

சில பேராசிரியர்கள் ஞாயிற்றுக்கிழமையும் மெயில் போடுவார்கள்தான். போடட்டும். செவ்வாய் காலையிலும் அது அங்கேயே இருக்கும். இந்த விஷயத்தில் இரவு 2 மணிக்குப் பதில் போட்டவருக்குக் கிடைத்து, காலை 7 மணிக்குப் போட்டவருக்குக் கிடைக்காமல் போன சீட் எதையும் நான் கேள்விப்பட்டதில்லை. இன்டர்வியூ அழைப்பாக இருந்தாலும், நீங்கள் காலையில் பதில் போடும்போது அவர்களுக்கு முந்தின நாள் சாயங்காலம்தான் ஆகியிருக்கும்.

இதை மனஉறுதியால் மட்டும் செய்ய முடியாது, ஏற்பாடு வேண்டும். மெயில் ஆப்புக்கு இரவு பத்து மணிக்கு மேல் நோட்டிஃபிகேஷனே வராதபடி வைத்துவிடுங்கள். ஒன்பது பல்கலைக்கழகங்களின் முகவரிகளுக்கும் ஒரு ஃபில்டர் போட்டு, எல்லாம் ஒரே லேபிளில் விழச் செய்யுங்கள். காலையில் அந்த லேபிளை மட்டும் திறந்தால் போதும். ஸ்பேம் ஃபோல்டரை வாரத்துக்கு ஒருமுறை பாருங்கள், சில கடிதங்கள் உண்மையாகவே அங்கே போய் விழும். விண்ணப்ப போர்ட்டலைத் தனியாகப் போய்த் தட்டிக்கொண்டிருக்கத் தேவையில்லை. முடிவு ஏறியதும் 'உங்கள் விண்ணப்பத்தில் புதிய தகவல் உள்ளது' என்று பெரும்பாலும் மெயில் வந்துவிடும். அப்புறம் போன். அது வேறு அறையில் தூங்கட்டும். அலாரத்துக்கு வேண்டும் என்று சொல்வீர்கள். ஒரு டைம்பீஸ் வாங்கிக்கொள்ளுங்கள்.

அடுத்தது அந்த ஆறு இடத்து மௌனம். இதற்கு ஆளாளுக்கு ஓர் அர்த்தம் சொல்வார்கள். அமெரிக்காவில் படிப்பு முடித்து அங்கேயே போஸ்ட்டாக் (பிஎச்.டி.க்குப் பிந்தைய ஆய்வாளர்) ஆக இருந்த ஒரு ஜனவரியில், எங்கள் பேராசிரியர் ஒரு கட்டு விண்ணப்பங்களைக் கொடுத்து, முதல் சுற்றாகப் படித்துக் குறிப்பு எழுதித் தரச் சொன்னார். அதில் ஒரு ஃபைல் இன்னும் நினைவிருக்கிறது. நல்ல மதிப்பெண், உருப்படியான ஒரு ஆய்வுக் கட்டுரை, மாணவரை நேரில் பார்த்ததுபோல் தோன்றும்படி எழுதப்பட்ட ரெக்கோ லெட்டர் (பரிந்துரைக் கடிதம்). மேலே வைத்தேன். பேராசிரியர் அதைப் பார்த்துவிட்டு, "நல்ல ஃபைல்தான். ஆனால் இந்தத் துறையில் ஆள் எடுக்கக்கூடியவர் அடுத்த வருடம் சபாட்டிகலில் (ஆய்வு விடுப்பில்) போகிறார். இருக்கட்டும், பார்க்கலாம்" என்று, ஏற்கவும் இல்லை தள்ளவும் இல்லை என்ற நடுக் கட்டில் வைத்தார். அந்த மாணவர் எந்த ஊரில் என்னென்ன நினைத்துக்கொண்டு தூங்காமல் கிடந்தாரோ. நடுக் கட்டுக்குப் பெயர் கிடையாது. வெயிட்லிஸ்ட் என்று கடிதமும் பெரும்பாலும் போவதில்லை. முதலில் அழைத்தவர்கள் வேறு இடத்துக்குப் போனால் அதிலிருந்து ஒருவரை எடுப்பார்கள், இல்லாவிட்டால் கடைசியில் மொத்தமாக வருத்தக் கடிதம் போகும். பிஎச்.டி. என்றால் பெரும்பாலான இடங்களில் ஒரு மாணவருக்கு ஐந்தாறு வருடச் சம்பளமும் கட்டணமும் எங்கிருந்து வரும் என்று முதலிலேயே பார்த்தாக வேண்டும். டிபார்ட்மென்ட் பரிந்துரைத்த பிறகும் கிராஜுவேட் ஸ்கூல் (பல்கலைக்கழகத்தின் மேற்படிப்பு நிர்வாகப் பிரிவு) ஒப்புதல் கொடுக்க வேண்டும். இத்தனை மேஜை தாண்டித்தான் கடிதம் வெளியே வரும்.

அதனால் நேர்மையாகச் சொன்னால், பிப்ரவரி நடுவில் மௌனத்துக்குப் பொருளே இல்லை. மார்ச் நடுவிலும் மௌனம் என்றால் முதல் அழைப்புப் பட்டியலில் நீங்கள் இல்லை என்று ஓரளவு ஊகிக்கலாம், ஆனால் கதவு சாத்தப்பட்டதாக அர்த்தமில்லை. இதைப் படிக்கும் எம்.எஸ். நண்பர்களுக்கு: உங்கள் கணக்கு வேறு. பல இடங்களில் முடிவுகள் ஏப்ரல் வரைக்கும்கூடச் சொட்டுச் சொட்டாக வந்துகொண்டிருக்கும்.

இன்னொரு விஷயம். எஸ்ஓபியை, அதாவது ஏன் படிக்க விரும்புகிறோம் என்று விண்ணப்பத்தோடு அனுப்பிய கட்டுரையை, திரும்பத் திறக்காதீர்கள். நான் திறந்தேன். பிப்ரவரியில் ஒரு ஞாயிற்றுக்கிழமை சும்மா இருக்க முடியாமல் படித்துப் பார்த்தால், இரண்டாம் பக்கத்தில் ஒரே வாக்கியம் அடுத்தடுத்து இரண்டு முறை இருந்தது. வெட்டி ஒட்டும்போது விட்டுப்போனது. ஒரு வாரம் சோறு இறங்கவில்லை. கடைசியில் அந்தப் பல்கலைக்கழகத்தில் சேர்க்கை வேலைகளைக் கவனிக்கும் கோஆர்டினேட்டருக்கு, திருத்திய பிரதியை மாற்றிவைக்க முடியுமா என்று கெஞ்சி மெயில் போட்டேன். ஒரே வரியில் பதில் வந்தது: கமிட்டி கூடி மூன்று வாரம் ஆகிவிட்டது. அதாவது, அந்த ஒரு வாரமும் நான் பட்ட பாடு ஏற்கெனவே முடிந்துபோன காரியத்துக்காக. இப்போது நீங்கள் இரவு 2 மணிக்குக் காத்திருக்கும் முடிவுகளில் சிலவும் எடுக்கப்பட்டுவிட்டவைதான். யாரோ ஒருவருடைய கணினியில் ஒரு கையெழுத்துக்காக உட்கார்ந்திருக்கின்றன. இதைத் தெரிந்துகொண்டது எனக்கு ஆறுதலாக இருந்தது. உங்களுக்கு எரிச்சலாக இருக்கலாம், அதுவும் நியாயம்தான்.

உங்கள் தகுதிக்குச் சம்பந்தமே இல்லாத காரணங்களும் உண்டு. 2025 பிப்ரவரி தொடக்கத்தில், ஆய்வு மானியங்களோடு பல்கலைக்கழகங்களுக்குப் போகும் மறைமுகச் செலவுத் தொகைக்கு (கட்டிடம், நிர்வாகம் போன்றவற்றுக்கான பணம்) அமெரிக்க தேசிய சுகாதார நிறுவனம் 15 சதவீத உச்சவரம்பை அறிவித்தது. வழக்கு, தடை என்று அது இழுபட்டாலும், பணம் வருமா வராதா என்ற பயத்திலேயே பல இடங்களில் அந்த வருட பிஎச்.டி. சேர்க்கையைக் குறைத்தார்கள், நிறுத்தியும் வைத்தார்கள். மாசசூசெட்ஸ் பல்கலைக்கழகத்தின் சான் மருத்துவப் பள்ளி, கொடுத்த அட்மிட்டுகளையே திரும்பப் பெற்றது. அந்த மாணவர்களின் எஸ்ஓபியில் எந்தக் குறையும் இல்லை. 'என்னிடம் என்ன குறை?' என்று ஒவ்வொரு ரிஜெக்ட்டையும் பிரேதப் பரிசோதனை செய்கிறவர்கள் இதை நினைவில் வைக்கலாம்.

"கவலைப்படாதே" என்று நான் சொல்லப்போவதில்லை. சொல்லி யாருக்கும் பயன்பட்டதில்லை. கலிஃபோர்னியா பல்கலைக்கழகத்தின் ரிவர்சைடு வளாகத்தில் கேட் ஸ்வீனி என்ற உளவியல் பேராசிரியர் இருக்கிறார். முடிவுக்காகக் காத்திருப்பதையே ஆராய்ச்சிப் பொருளாக எடுத்துக்கொண்டவர். வக்கீல் ஆவதற்கான பார் தேர்வை கலிஃபோர்னியாவில் எழுதிவிட்டு நான்கு மாதம் முடிவுக்காகக் காத்திருந்த சட்டப் பட்டதாரிகளை அவருடைய குழு தொடர்ந்து கவனித்து, 2016-ல் ஒரு கட்டுரை வெளியிட்டது. காத்திருந்தவர்கள் மனதைத் திருப்பப் பார்த்தார்கள், நல்லதையே நினைக்கப் பார்த்தார்கள், கெட்டதுக்குத் தயாராகப் பார்த்தார்கள். இதில் எதுவும் பதற்றத்தைப் பெரிதாகக் குறைக்கவில்லை. ஆனால் அமைதியாகக் காத்திருந்தவர்களைவிடப் படாதபாடு பட்டவர்கள்தான் கெட்ட செய்தி வந்தபோது அதை நன்றாகத் தாங்கினார்கள். நல்ல செய்தி வந்தபோது அதிகம் சந்தோஷப்பட்டதும் அவர்கள்தான். ஆக, நீங்கள் கவலைப்படுவது கோளாறு அல்ல. கவலைப்படுகிறோமே என்று அதற்கும் சேர்த்துக் கவலைப்படுவதை மட்டும் விட்டுவிடலாம்.

அதே குழு பிற்பாடு செய்த ஆய்வுகளில் உருப்படியாக ஒன்று தெரிந்தது: நேரம் போவதே தெரியாமல் ஆளை உள்ளே இழுத்துக்கொள்ளும் வேலையில் இருந்தவர்களுக்குக் காத்திருப்பு கொஞ்சம் லேசாக இருந்தது. சும்மா பொழுதுபோக்கு இந்தக் கணக்கில் சேராது. ரீல்ஸ் பார்க்கும்போது கை ஸ்க்ரோல் செய்யும், மனசு மெயிலிலேயே நிற்கும். கொஞ்சம் கஷ்டமாக இருக்க வேண்டும், செய்யச் செய்ய முன்னேற்றம் கண்ணுக்குத் தெரிய வேண்டும். என் மாணவர் ஒருவர் போன வருடம் வீட்டில் பழுதாகிக் கிடந்த பழைய வால்வ் ரேடியோவைப் பிரித்துப் போட்டார். அது பாடியதா என்று நான் கேட்கவில்லை, ஆனால் மார்ச் மாதம் முழுக்க அவர் அட்மிட் பற்றி என்னிடம் பேசவே இல்லை. நான் செய்தது சமையல். பரோட்டா வீச வராமல் வராமல், ஒரு நாள் வந்துவிட்டது.

படிப்பு சம்பந்தமாகவே ஏதாவது வேண்டும் என்றால் கேட் (GATE) தேர்வு எழுதியிருப்பீர்கள், முடிவு மார்ச்சில் வரும், அந்த ஸ்கோர் மூன்று வருடம் செல்லும். ஐஐடி பிஎச்.டி. அறிவிப்புகளைப் பார்த்துவைக்கலாம். ஜெர்மனியில் பல முதுகலைப் படிப்புகளுக்கு ஜூலை 15 வரை நேரம் இருக்கிறது. இரண்டாவது வழி கையில் இருந்தால் முதல் வழிக்காகக் காத்திருப்பது நிச்சயம் சுலபமாகிறது. 'மாற்று ஏற்பாடு செய்தால் ராசி போய்விடும்' என்று நினைக்கும் கூட்டத்தில் நானும் ஒரு காலத்தில் இருந்தேன், அதனால் கிண்டல் செய்ய மாட்டேன்.

விண்ணப்பித்தவர்கள் முடிவுகளைப் பதியும் கிராட்கஃபே இணையதளம், டெலிகிராம் குரூப் எல்லாவற்றையும் ஏப்ரல் நடுவரை மூடிவைப்பது நல்லது என்பது என் கருத்து. அங்கே எழுதுகிறவர்கள் தாங்களாகச் சொல்வதுதான் தகவல், சரிபார்க்க ஆளில்லை. 'இன்று காலை அட்மிட்' என்று ஒருவர் போட்டால், அவர் உங்கள் துறைதானா, உங்கள் உட்பிரிவுதானா, வேறு பணத்தில் எடுக்கப்பட்டவரா என்று எதுவும் தெரியாது. ஆனால் படித்த நிமிடத்தில் உங்கள் வயிறு கலங்குவது மட்டும் உறுதி. விட முடியவில்லை என்றால், இந்த வருடம் விண்ணப்பிக்காத நண்பர் ஒருவரிடம் ஒப்படைத்துவிடுங்கள். அவர் வாரம் ஒருமுறை பார்த்து, உங்களுக்குத் தெரிய வேண்டியது ஏதாவது இருந்தால் மட்டும் சொல்லட்டும்.

வீட்டு விஷயம்தான் கடினம். ஊர் வாயை மூட உலைமூடி கிடையாது. கல்யாணப் பந்தியில் சாம்பாருக்கும் ரசத்துக்கும் நடுவில் பெரியப்பா சத்தமாகக் கேட்பார், "என்னப்பா, அமெரிக்கா எப்போ?" வரிசையில் பத்துத் தலை திரும்பும். இவர்களுக்கு விளக்கம் சொல்லிக்கொண்டிருக்கத் தேவையில்லை. "சித்திரையில தெரியும் பெரியப்பா" என்று சொல்லிவிட்டு இலையைப் பாருங்கள். அம்மா அப்பா அப்படி இல்லை. அவர்கள் தினமும் கேட்பதற்குக் காரணம் எப்போது கேட்க வேண்டும் என்று தெரியாததுதான். எங்கள் வீட்டில் அம்மா ஜனவரியில் 'தை பிறந்தால் வழி பிறக்கும்' என்று ஆரம்பித்தார், மாசியிலும் நிறுத்தவில்லை. ஒருநாள் சமையலறையில் உட்கார்ந்து காலண்டரைக் காட்டினேன். "அம்மா, சனிக்கிழமை காலையில வாராவாரம் நானே சொல்றேன். வந்திருந்தாலும் சொல்றேன், வரலன்னாலும் சொல்றேன். நடுவுல கேக்காதீங்க." அம்மா யோசித்துவிட்டு, "சரி, வெள்ளிக்கிழமை கோயிலுக்குப் போலாமில்ல?" என்றார். அதற்குத் தடை போட முடியுமா?

பணத்தைப் பற்றி யாரும் வாய்விட்டுச் சொல்வதில்லை, ஆனால் நெஞ்சை அழுத்துவதில் பாதி அதுதான். ஒன்பது இடம், ஒவ்வொன்றும் சுமார் நூறு டாலர் என்று வைத்தால் கட்டணம் மட்டுமே முக்கால் லட்சம் ரூபாயைத் தாண்டும். அப்பாவிடம் ஒருமுறை அதைப் பேசிவிடுங்கள். 'ஒன்றும் வரவில்லை என்றால் அடுத்து இதைச் செய்வேன்' என்று இரண்டு வரி போதும். என்ன செய்வார்களோ என்று நாம் பயந்த அளவுக்கு அவர்கள் ஒன்றும் செய்வதில்லை.

இப்போது உங்கள் கையில் இருக்கும் ஒரே ஆயுதத்தைப் பற்றி: மெயில். மார்ச் நடுவுக்கு முன் எழுத வேண்டாம். அதற்குப் பிறகும் சத்தமில்லை என்றால் கிராஜுவேட் கோஆர்டினேட்டருக்கு நான்கு வரி எழுதலாம். பெயர், விண்ணப்ப எண், எந்தப் படிப்பு, முடிவு எப்போது எதிர்பார்க்கலாம். 'என் சிறு வயதுக் கனவு' எல்லாம் வேண்டாம். வேறு இடத்தில் அட்மிட் கிடைத்து அதற்குப் பதில் சொல்லும் தேதி நெருங்கினால் அதையும் எழுதுங்கள், அது நியாயமான காரணம், சில சமயம் வேலையும் செய்யும். வெயிட்லிஸ்ட் என்று எழுதி வந்திருந்தால், 'இடம் கொடுத்தால் நிச்சயம் வருவேன்' என்று ஓர் இடத்துக்கு மட்டும் சொல்லுங்கள். இரண்டு இடத்துக்குச் சொல்லாதீர்கள். ஒரே துறைப் பேராசிரியர்கள் ஒருவரோடு ஒருவர் பேசிக்கொள்வார்கள்.

தூக்கமின்மை வாரக்கணக்கில் நீடித்தாலோ, சாப்பாடு இறங்காவிட்டாலோ, 'இது வராவிட்டால் எதற்கு இருக்க வேண்டும்' என்ற நினைப்பு ஒருமுறை வந்துபோனாலோ, அது அட்மிட் பிரச்சினை இல்லை. 14416 டெலி-மானஸ் என்ற மனநல உதவிக்கான இலவச எண், தமிழிலும் பேசலாம். தமிழ்நாட்டில் 104-ம் உண்டு. ஹாஸ்டல் நண்பர்களிடம் சொல்ல வெட்கமாக இருப்பதை முகம் தெரியாதவரிடம் சொல்வது சுலபம்.

கடைசியாக ஏப்ரல் 15. அமெரிக்க கிராஜுவேட் ஸ்கூல் கவுன்சிலின் தீர்மானம் ஒன்று இருக்கிறது. உதவித்தொகையோடு வரும் அட்மிட்டுக்கு ஏப்ரல் 15-க்கு முன் பதில் சொல்லும்படி மாணவரை நெருக்கக்கூடாது என்று அதில் கையெழுத்திட்ட பல்கலைக்கழகங்கள் ஒப்புக்கொண்டிருக்கின்றன. சொந்தக் காசில் படிக்கும் எம்.எஸ். மாணவர்கள் இடத்தை உறுதிசெய்யக் கட்டும் டெபாசிட்டுக்கு இந்தப் பாதுகாப்பு பொதுவாகக் கிடையாது, அந்தக் கடிதத்தில் உள்ள தேதியைப் பாருங்கள். நல்ல ஃபைல்கள் வைத்திருப்பவர்கள் நாலைந்து அட்மிட்டைக் கடைசி நாள் வரை பிடித்துவைத்திருப்பார்கள். அவர்கள் கைவிடும்போதுதான் நடுக் கட்டு பிரிக்கப்படும். உங்கள் கையிலும் வேண்டாத அட்மிட் இருந்தால் இன்றே வேண்டாம் என்று எழுதிவிடுங்கள், யாரோ ஒருவர் அதற்காக விழித்திருக்கிறார்.

ஏப்ரல் 15-க்கு முந்தின நாள் நமக்குச் சித்திரை முதல் நாள். மாங்காய்ப் பச்சடி சாப்பிட்டுவிட்டு நிம்மதியாகத் தூங்குங்கள். 15-ம் தேதி கிழக்குக் கரையில் நள்ளிரவு ஆகும்போது இங்கே 16-ம் தேதி காலை 9.30, கலிஃபோர்னியாவில் ஆபீஸ் மூடும்போது இங்கே விடிகாலை 5.30. வெயிட்லிஸ்ட்டில் இருந்தால் அந்த ஒரு ராத்திரி மட்டும் போனை சார்ஜ் போட்டுப் பக்கத்தில் வைத்துக்கொள்ளலாம், நான் ஒன்றும் சொல்ல மாட்டேன்.